என் அப்பா இறந்த பிறகு கேட்ட ஏலம்

அப்பாவை அடக்கம் செய்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவருடைய தஸ்பீஹ் ஜெபமாலைகளை ஏலக்காரர் அபு கைத் ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு, நேரலையில் ஏலம் விட்டார். நானும் அம்மாவும் கூடத்தில் உட்கார்ந்து என் போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். கருப்புப் பவள மாலை வந்தது. அமாரா ஊரிலிருந்து லஃப்தா என்பவர் ஒரு விலை கேட்டார். உடனே இன்னொருவர் அதற்கு மேல் கேட்டார்.

அந்த இன்னொருவர் என் அப்பா.

கணக்கின் பெயர் 'எஞ்சின்காரர்'. படகில் நின்று அப்பா சிரிக்கும் படம். எடுத்தது நான். அவருடைய போன் அணைந்து அலமாரிக்குள் கிடந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். அங்கேதான் இருந்தது. திரும்பி வருவதற்குள் அவர் இன்னொரு முறை விலையை ஏற்றியிருந்தார்.

லஃப்தா கீழே எழுதினார்: "எஞ்சின்காரரே, மறுபடியும் நீங்களா? வசந்தத்துல அம்பர் மாலைக்கு என்னைக் கொன்னீங்க. உங்க டீசல் தீரவே தீராதா?"

அம்மா திரையை விரலால் தொட்டாள். "ஷஹத், இது உங்கப்பா படம்தானே?" என்றாள். 

அப்பாவின் பெயர் சாசிப். பஸ்ராவில் ஷத் நதியைக் கடக்கும் பயணிகள் படகில் எஞ்சின் ஓட்டியவர். அஷார் கரைக்கும் தன்னூமா கரைக்கும் நடுவே, எஞ்சின் அறையில், வாழ்நாளின் பெரும்பகுதி. அந்தச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. வீட்டிலும் அக்கரைக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார். கையை முதலில் டீசலில் கழுவுவார், பிறகு சோப்பில். "மத்த பொம்பளைங்க அத்தர் வாசனையில தூங்கறாங்க, நான் பெட்ரோல் பங்க்ல தூங்கறேன்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள்.

நான் ஒரே பிள்ளை. எங்கள் பக்கம் முதல் மகனின் பெயரால்தான் ஒருவரைக் கூப்பிடுவார்கள். மகன் பிறக்கட்டும் என்று மற்றவர்கள் காத்திருந்தபோது அவர் நான் பிறந்த வாரமே அபு ஷஹத், அதாவது ஷஹத்தின் அப்பா, ஆகிவிட்டார்; அம்மா உம் ஷஹத். "பையன் பொறந்தா பேரை மாத்திக்கலாம்ல?" என்று படகில் ஒருவன் கேட்டானாம். "ஏன், இந்தப் பேர்ல எஞ்சின் ஓட மாட்டேங்குதா?" என்றாராம். எங்கள் ஊர் அப்பாக்கள் பிள்ளையையே 'பாபா', அதாவது அப்பா, என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார். என் படிப்புக்கு எதை விற்றார் என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

அவருடைய ஒரே செலவு மாலைகள். வெள்ளிப் புள்ளி பதித்த கருப்புப் பவளம். பிசின் கல்லாகி உருவான பழைய அம்பர். ஒரு மணியை உள்ளங்கையில் தேய்த்து என் மூக்கருகே வைப்பார். "பிசின் வாசம் வருதா? அப்போ நிஜம். வரலையா? பிளாஸ்டிக். காதால கேட்காதே, மூக்கால கேளு." எஞ்சினையும் அவர் அப்படித்தான் பார்த்தார், தொட்டும் முகர்ந்தும்.

வெள்ளிக்கிழமை பகலில் கடைவீதித் தேநீர்க் கடையில் மாலை ஏலம் நடக்கும். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. இறந்துபோன ஒருவரின் மாலையை அவர் மனைவி விற்க அனுப்பியிருந்தால், ஏலம் விடுகிறவர் அதை வாயால் சொல்ல மாட்டார். தேநீர்க் கோப்பைக்குள் கரண்டியை வைத்து டிங் டிங் என்று கிளறுவார். கடை முழுக்கப் புரிந்துகொள்ளும். உடனே ஆளாளுக்கு விலையை ஏற்றுவார்கள். யாருக்கும் அந்த மாலை வேண்டாம். ஆனால் கடைசியாகக் கேட்டவர் காசைக் கட்டியே ஆக வேண்டும். விலையை ஏற்றிவிட்டுக் காசு கட்டாமல் பின்வாங்குகிறவனை அடுத்த வாரம் யாரும் பக்கத்தில் உட்கார வைக்க மாட்டார்கள். அந்தப் பெண்ணுக்குத் தர்மம் வாங்கிய உணர்வு வராது. நல்ல விலைக்கு விற்றோம் என்றே நினைப்பாள். இதற்குக் 'கிளறிவிடுவது' என்று பெயர். அப்பா பலமுறை கடைசி ஆளாக மாட்டியிருக்கிறார். அவரிடம் இருந்த மாலைகளில் பாதி அப்படி வந்தவை.

அந்த ஏற்றத்தில் ஏமாறுகிறவர் யாருமில்லை. கரண்டிச் சத்தம் எல்லோர் காதிலும் விழுகிறது. இது முக்கியம்.

சர்க்கரை நோயில் அப்பாவின் வலது கால் புண்ணாகி, அதை எடுப்பதற்கு வெகுநாள் முன்பே நடை போனது. தேநீர்க் கடையின் படியை ஏற முடியவில்லை. அதே கடையில் ஏலம் விட்டுக்கொண்டிருந்த அபு கைத் அதற்குள் போனுக்கு மாறியிருந்தார். தேசம் முழுக்க வாடிக்கையாளர்கள். அவரே வீட்டுக்கு வந்து, அப்பாவுக்குக் கணக்குத் திறந்து கொடுத்து, எப்படிக் கேட்பது என்று காட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பாவுக்கு மறுபடி உயிர் வந்தது. வியாழக்கிழமை ஆனால் முகம் மழித்துக்கொள்வார். போன் ஏலத்துக்கு!

நான் தொலைபேசி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். போலி சிம் கார்டுகளையும் போலிக் கணக்குகளையும் கண்டுபிடிக்கும் பிரிவு. ஒருநாள் மதியம் சுபூர் மீனும் சோறும் சாப்பிடும்போது அவர் திரையை எட்டிப் பார்த்தேன்.

"பாபா, இந்த ஏலத்துல போலி ஆளுங்க இருக்காங்க" என்றேன்.

"எங்க இல்ல? நம்ம தெருவுல டாக்டர்னு போர்டு வெச்சிருக்கானே."

"விளையாடாதீங்க. இந்தப் பேரைப் பாருங்க. அபு கைத் விக்கிற பொருளுக்கு மட்டும்தான் வர்றான். வேற எவர்கிட்டயும் எதுவும் கேட்டதே இல்ல. ஒருத்தர் விலை சொன்னதும், யோசிக்காம, அடுத்த நொடி மேல கேட்கிறான். வாங்கப் போறவன் யோசிப்பான் இல்லையா? இவனுக்கு யோசிக்க ஒண்ணுமே இல்ல. இத்தனை ஏலத்துல எதையும் எடுத்ததில்ல. எடுத்தாலும் அதே மாலை அடுத்த மாசம் திரும்ப வந்துடுது."

அப்பா மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "எடுத்துட்டா, காசு யாரு கட்டுவா?"

"யாரும் கட்ட மாட்டாங்க. தோத்துப்போன ஆளுக்கு ஒரு போன் வரும். 'ஜெயிச்சவன் காணாம போயிட்டான், உங்களுக்கு அதிர்ஷ்டம், நீங்க கடைசியா கேட்ட விலைக்கே எடுத்துக்கோங்க'ன்னு. அந்தக் கடைசி விலையே போலியா ஏத்தினது. அப்படிப் போன் வந்தா, அந்த ஆள் உள்ள வர்றதுக்கு முந்தின விலைக்குத் தர்றியான்னு கேட்கணும். மாட்டேன்னா வெச்சிடணும்."

"வேற என்ன பண்ணணும்?"

"ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மனசுல ஒரு விலை வெச்சுக்கோங்க. அதுக்கு மேல ஒரு தீனார் கூட இல்ல. கடைசி நிமிஷம் வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. நீங்க சீக்கிரம் கேட்டா அவனுக்குத்தான் ஏணி. அந்த மாலை ஏற்கெனவே எப்போ எப்போ வந்துச்சுன்னு தேடிப் பாருங்க."

"கேட்கிறவன் நல்லதுக்குக் கேட்டா?"

"யாருக்கு நல்லது?"

அவர் தட்டைத் தள்ளிவைத்தார். சோற்றை முடிக்கவில்லை. மருந்தின் வேலை என்று நினைத்தேன். அந்தத் திரையில் எஞ்சின்காரர் என்ற பெயரும் இருந்தது. நான் சொன்ன அடையாளங்களில் பல அதற்கும் பொருந்தின. அது அப்பாவின் பெயர் என்பதால் என் கண் அதைத் தாண்டிப் போய்விட்டது.

மழைக்காலம் தொடங்கும்போது அப்பா இறந்தார். தெருவில் போட்ட துக்கக் கூடாரத்துக்கு அபு கைத் வந்து மூன்று நாளும் உட்கார்ந்திருந்தார். கடைசி நாள் வீட்டு வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னார்: "உம் ஷஹத், அவர் மாலைகளை என்கிட்ட குடுங்க. நான் ஏலம் விடறேன். எனக்குக் கமிஷன் வேணாம். அவருக்கு நான் குடுத்த வாக்கு இது."

என்ன வாக்கு என்று நாங்கள் கேட்கவில்லை. அம்மா அழுதாள். என் கண்ணும் கலங்கியது. மாலைகளைக் கொடுத்தனுப்பினோம்.

அப்படித்தான் அந்த வியாழக்கிழமை வந்தது. கருப்புப் பவளத்துக்கு இறந்தவர் விலை கேட்டுக்கொண்டிருந்தார். லஃப்தா விடவில்லை. "இன்னைக்கு உங்களை ஜெயிக்காம அடுப்பைப் பத்த வைக்க மாட்டேன். அமாரா பட்டினி கிடக்கட்டும்" என்று எழுதினார். ரொட்டிச் சூளை வைத்திருப்பவர் என்று அதில் தெரிந்தது. அபு கைத் திரையில் சிரித்தார். "பொறுங்க, பொறுங்க. தொண்டை காஞ்சு போச்சு. டீ குடிச்சிட்டு வந்து முடிக்கிறேன். பவளம் இன்னும் யாருக்கும் இல்ல." கேமரா வெறும் மேஜையைக் காட்டியது.

அப்பாவின் போனை உயிர்ப்பித்தேன். கணக்கின் அமைப்புகளைத் திறந்தேன். அது இரண்டு போன்களில் திறந்திருந்தது. ஒன்று என் கையில். மற்றது அபு கைத்தினுடையதாகத்தான் இருக்க முடியும். கணக்கைத் திறந்து கொடுத்ததே அவர்தான். கடவுச்சொல் முதல் நாளிலிருந்தே அவரிடம் இருக்கிறது.

பழைய ஏலங்களைப் பின்னோக்கித் தள்ளினேன். அப்பாவின் காலை எடுத்த நாள் நினைவிருந்தது. அறுவைக் கூடத்து வாசலில் நானும் அம்மாவும் நின்ற அதே நேரத்தில் எஞ்சின்காரர் ஒரு மாலைக்கு விலை ஏற்றிக்கொண்டிருந்தார். மயக்க மருந்தில் கிடந்தவர் எப்படிக் கேட்டிருக்க முடியும்?

"அவன்தான்மா" என்றேன். "எல்லாமே அவன்தான். அப்பா பேரை வெச்சு அவன் விளையாடியிருக்கான்."

அம்மா நெஞ்சில் கை வைத்தாள். "தெரியும். எனக்குத் தெரியும். அவர் அப்படிப்பட்டவர் இல்ல."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆதாரம் முழுதாக வேண்டும் என்பது என் தொழில் பழக்கம். அபு கைத்துக்கும் அப்பாவுக்கும் நடுவே இருந்த செய்திகளைத் திறந்தேன். எல்லாம் குரல் செய்திகள். அப்பாவால் அந்தச் சின்ன எழுத்துகளைத் தட்ட முடியாது.

முதல் செய்தியைத் தட்டினேன். பேச்சே இல்லை. தேநீர்க் கோப்பைக்குள் கரண்டி. டிங் டிங் டிங்.

அடுத்தது. கரண்டி. அதற்கடுத்தது. கரண்டி. ஒவ்வொரு வியாழக்கிழமையும். நடுநடுவே அப்பாவின் உரத்த குரல்: "புரிஞ்சுது, புரிஞ்சுது! எந்த ஊர்ப் பொண்ணு? பாவம். நல்லா ஏத்திடறேன். என் தலையில விழுந்தா நான் கட்டிக்கிறேன்!" அதற்கு அபு கைத்: "உங்க தலையில விழாம நான் பாத்துக்கறேன், ஹாஜி."

 அப்பா கடையின் வழக்கத்தைத் தூக்கிக்கொண்டு போனுக்குள் போயிருக்கிறார். அங்கே கரண்டிச் சத்தம் அவர் ஒருவர் காதில்தான் விழுந்தது. திரைக்கு அந்தப் பக்கம் அமாரா, குத் என்ற ஊர்களில் உட்கார்ந்து நிஜமாக விலை கேட்ட யாருக்கும் அது கேட்கவில்லை.

"நல்லதுன்னு நெனச்சுத்தானே பண்ணியிருக்கார்" என்றாள் அம்மா.

செய்திகளை மேலும் நகர்த்தினேன். சுபூர் மீன் சாப்பிட்ட நாளை அடுத்து அப்பாவின் குரல், முதல் முறையாகத் தணிந்து: "அபு கைத், அந்தப் பொண்ணுங்க நிஜமாவே இருக்காங்களா?"

"இது என்ன கேள்வி? ரமலான்ல உங்களை அவங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன்."

கொஞ்ச நாள் கழித்து: "ரமலான் போயிடுச்சு. ஒரே ஒரு வீட்டைக் காட்டு."

அபு கைத் சிரிக்கிற சத்தம். "சரி ஹாஜி, இல்ல. பொண்ணும் இல்ல, வீடும் இல்ல. இப்ப என்ன? வாங்கறவன் எல்லாம் காசுக்காரன். நான் ஒண்ணு கேட்கறேன். உங்களுக்கு ஒரு கால் போயாச்சு. நாளைக்கு உம் ஷஹத் உங்க மாலையைத் தூக்கிட்டு நிப்பாங்க. அன்னைக்கு யாரு கிளறுவா? நான் கிளறுவேன். வாக்கு. அதுவரைக்கும் நீங்க எனக்குக் கிளறுங்க."

அப்பாவிடமிருந்து பதில் இல்லை. பல வியாழக்கிழமைகள் ஒன்றுமே இல்லை. பிறகு வசந்தத்தில் ஒரு கரண்டிச் சத்தம்.

அதற்குக் கீழே அப்பா. "சரி. கேட்கிறேன்."

வேறொன்றும் சொல்லவில்லை. எஞ்சின் அறையிலிருந்து அக்கரைக்குக் கேட்கப் பேசியவர், அந்த வார்த்தைகளை நாங்கள் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் முணுமுணுத்திருந்தார். அம்மா அந்த நேரம் பக்கத்து அறையில் இருந்திருக்கக் கூடும்.

அம்மா என் கையிலிருந்து போனை வாங்கி, மறுபடி அதையே போட்டுக் கேட்டாள். நிறுத்தினாள். மறுபடி போட்டாள்.

திரையில் அபு கைத் திரும்பி வந்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டார். "ஆச்சு, முடிச்சிடலாமா? எஞ்சின்காரர் என்ன சொல்றார்?" அவருடைய இடது கை மேஜைக்கு அடியில் போனது. அடுத்த நொடி என் அப்பா இன்னும் மேலே கேட்டார்.

விட்டிருந்தால் மாலை நல்ல விலைக்குப் போயிருக்கும். அம்மாவுக்குப் பல மாதம் கவலையில்லை. ஆனால் அப்பா சம்பாதித்து வைத்ததில் பெரிதாக மிஞ்சியது அவர் பேர்தான். அதைத்தான் அவன் மேஜைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தான்.

எழுதினேன்: "நான் ஷஹத். சாசிபின் மகள். எஞ்சின்காரர் என்ற பெயர் என் அப்பாவுடையது. இந்த மாலையும் அவருடையது. அவர் போன மாதம் இறந்துவிட்டார். இப்போது அவர் பெயரில் கேட்பது யார் என்று அபு கைத்திடம் கேளுங்கள். ஏலத்தை நிறுத்துகிறோம். மாலைகளைத் திருப்பி அனுப்புங்கள்."

 அபு கைத் படித்தார். முகம் வெளுத்தது. "நெட்வொர்க் சரியில்ல, சகோதரர்களே" என்றார். திரை கருத்தது. அந்த ஏலத்துக்குள் என் கணக்கால் அதன்பிறகு நுழைய முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் லஃப்தாவிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு செய்தி. "மகளே, அல்லாஹ் அவருக்கு இரக்கம் காட்டட்டும். கேட்கக் கூச்சமா இருக்கு, ஆனா கேட்காம தூக்கம் வராது. வசந்தத்துல அந்த அம்பர் மாலைக்கு என்னோட மோதினது யாரு? உங்கப்பாவா, அந்த ஆளா?"

அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"அந்த ஆள்னு எழுதிடு" என்றாள்.

"அம்மா."

"யாருக்குத் தெரியும்? அவனே பாதி நாள் அப்படித்தானே கேட்டிருக்கான்? ஆபரேஷன் அன்னைக்குக் கேட்டானே. இதையும் அவன் கணக்குல எழுது. உங்கப்பா மண்ணுக்குள்ள இருக்கார், ஷஹத். பதில் சொல்ல வாய் இல்ல அவருக்கு."

எழுதியிருந்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நானே இந்த வேலையில் இருப்பவள், தெரிந்துதான் சொல்கிறேன். அப்பாவின் போனில் அந்த அம்பர் மாலையின் ஏலத்தைத் திறந்து பார்த்தேன். எஞ்சின்காரரின் ஒவ்வொரு விலைக்கும் நடுவே நீண்ட இடைவெளி. ஒற்றை விரலால் தடவித் தடவித் தட்டுகிறவரின் இடைவெளி.

"அவர்தான்" என்று எழுதினேன்.

அபு கைத் மாலைகளை ஒரு டாக்சி டிரைவரிடம் கொடுத்தனுப்பினார். ஒரு வார்த்தை சொல்லியனுப்பவில்லை. அவருடைய ஏலம் வேறு பெயரில், வேறு படத்தோடு, அடுத்த வியாழக்கிழமையே நடந்தது. அதில் எஞ்சின்காரர் இல்லை. பாபில்காரர் என்று ஒருவர் வந்திருந்தார். யோசிக்காமல் கேட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, எங்கள் விலாசம் கேட்டு வாங்கியிருந்த லஃப்தா அமாராவிலிருந்து வந்தார். பெரிய உடம்பு, புருவத்தில் மாவு. துக்க வீட்டுக்கு வெறுங்கையோடு வரக் கூடாது என்று ஒரு பை நிறையச் சூளை ரொட்டி. அம்பர் மாலையை எடுத்து மேஜைமேல் வைத்தார். அம்மா உள்ளே போய்க் கருப்புப் பவளத்தை எடுத்து வந்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

"அவர் உள்ள வர்றதுக்கு முந்தி நீங்க ஒரு விலை கேட்டிருப்பீங்க" என்றாள் அம்மா. "அதுக்கு மேல போனது எல்லாம் உங்களோடது. அதுக்கு இது. போதலைன்னா சொல்லுங்க."

லஃப்தா பவளத்தை எடுத்து, வெள்ளிப் புள்ளி மணிகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "இது அதிகம்" என்றார்.

"அதிகமாவே இருக்கட்டும்." அம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டாள். இறந்தவர்மேல் யாருக்காவது பாத்தியம் இருந்தால், அவர் கழுத்தை விடுவிக்கச் சொல்லி, மன்னிக்கச் சொல்லி, வீட்டார்தான் கேட்க வேண்டும். அதைக் கேட்டாள். "அவரை விட்டுடுங்க, லஃப்தா. அவர் கழுத்துல ஒண்ணும் இல்லைன்னு சொல்லுங்க."

அவர் பவளத்தை உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"காசுக்கு விட்டாச்சு, உம் ஷஹத். அல்லாஹ் சாட்சி. ஆனா இன்னொண்ணு இருக்கு." அம்பர் மாலையைத் தொட்டார். "கடைக்கு வர்றவன் போறவன்கிட்டல்லாம் காட்டினேன். பஸ்ராவுல எஞ்சின்காரர்னு ஒரு சிங்கம், அவரை ஜெயிச்சு எடுத்தேன்னு. என் பசங்ககிட்ட சொன்னேன். இப்ப பாத்தா, எதிர்ல வாங்க வந்த ஆளே இல்ல. நான் என்னையே ஜெயிச்சிருக்கேன். அதை மன்னிக்க எனக்கு இன்னும் மனசு வரல. வந்துடுச்சுன்னு உங்க வீட்டுல உட்கார்ந்து பொய் சொல்ல மாட்டேன்."

அம்மா கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் தலையை ஆட்டினாள்.

"சரி. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி கேட்பேன்" என்றாள்.

"கேளுங்க" என்றார் அவர். "வர்றேன்."